எந்தச் சட்டம் என்று எழுதிக் கொடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை, பால் காய்ச்சி இறக்கும் நேரம். பக்கத்துத் தோப்பு அண்ணாச்சி வாசல் கேட்டுக்கு வெளியே நின்றபடியே செல்போனைத் தூக்கிக் காட்டினார். “டீச்சர், இதப் பாத்தியளா? உங்க மணி சாதி நாய வளத்தா ஒரு லச்சம் ரூவா அவராதமாம். டிவியில சொல்லுதாவ.” சொன்னவர் கேட்டைத் திறக்கவில்லை. ஐந்து வருஷமாகத் தானே கொக்கியை நீக்கி உள்ளே வந்து, திண்ணையில் உட்கார்ந்து, மணியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்குகிற மனிதர் அவர். அன்றைக்குக் கம்பிக்கு அந்தப் பக்கமே நின்று பேசிவிட்டுப் போய்விட்டார்.

அவர் காட்டியது சென்னைச் செய்தி. 2025 டிசம்பரில் பெருநகர சென்னை மாநகராட்சி மன்றம், பிட்புல், ராட்வைலர் என்ற இரண்டு வகை நாய்களுக்கும் இனிப் புதிதாக உரிமம் கிடையாது என்று தீர்மானித்தது. மீறி வளர்த்தால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம். ஏற்கெனவே உரிமம் வாங்கியவர்கள் நாயை வெளியே கொண்டுவரும்போது சங்கிலியும் வாய்மூடியும் கட்டாயம். மாநகராட்சி எல்லையோடு அந்தத் தீர்மானத்தின் அதிகாரம் முடிந்துவிடும். எங்கள் ஊர் இராஜாக்கமங்கலம் அங்கிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தள்ளி, அரபிக்கடல் ஓரத்தில் இருக்கிற கிராமம். ஆனாலும் அன்று பொழுது சாய்வதற்குள் நாலு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், நாயை என்ன செய்யப் போகிறீர்கள் என்று.

நான் எல்லாரிடமும் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி. என் நாயை வைத்திருக்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது? வீட்டுக்கு வந்தவர்களிடம் கேட்டேன். அலுவலகம் அலுவலகமாகப் போய்க் கேட்டேன். இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மணி எங்கள் வீட்டுக்கு வந்தது 2020இல், ஊரடங்குக் காலத்தில். என் கொழுந்தன் திருவனந்தபுரத்தில் ஒருவரிடம் வாங்கி வந்த ராட்வைலர் குட்டி. விமானம் ஓடத் தொடங்கியதும் அவன் மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டான். குட்டி எங்களோடு நின்றுவிட்டது. என் வீட்டுக்காரரும் வளைகுடாவில்தான் வேலை பார்க்கிறார். தென்னந்தோப்புக்கு நடுவே ஓட்டு வீட்டில் நானும் எழுபத்தெட்டு வயது மாமியாரும் மட்டும். ராத்திரி மின்சாரம் போய்விட்டால் ஈத்தாமொழி ரோட்டில் எப்போதாவது போகிற வண்டியின் வெளிச்சம்தான் வெளிச்சம். மணி வருவதற்கு முன்னால் இரண்டு தடவை வெட்டிப் போட்ட தேங்காய் காணாமல் போயிருக்கிறது. ஒரு தடவை பின்கதவுத் தாழ்ப்பாளை யாரோ நெம்பிப் பார்த்திருக்கிறார்கள். அவன் வந்த பிறகு அந்தப் பயம் எங்களுக்கு இல்லை.

அவனுக்குப் பிடித்த விளையாட்டு கதம்பை. தேங்காய் உரித்துப் போடும் நாளில் ஒரு கதம்பையைக் கவ்விக்கொண்டு போய், முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் வைத்து, நாரை ஒவ்வொன்றாகப் பல்லால் உருவி எடுப்பான். ஒரு மணி நேரம் ஆனாலும் எழுந்திருக்க மாட்டான். மாமியார் முற்றம் கூட்ட வந்தால், “மக்கா, தள்ளிக் கெட” என்று துடைப்பத்தால் முதுகில் ஒரு தடவு தடவுவார். நாற்பத்தைந்து கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு இரண்டடி தள்ளிப் படுப்பான். இதைச் சொல்வதால் அவன் ஆபத்தே இல்லாதவன் என்று நான் வாதாடவில்லை. அவன் தாடையின் பலம் எனக்குத் தெரியும். பச்சைக் கதம்பையைக் கிழிக்கிற பல் ஒரு குழந்தையின் கையை என்ன செய்யும் என்பதும் தெரியும். அதனால்தான் இடுப்பளவு இருந்த சுற்றுச்சுவரை ஆளுயரத்துக்குக் கட்டினேன். கேட்டில் பலகை எழுதி மாட்டினேன். வெளியே கொண்டுபோகும்போது வாய்மூடி போடாமல் ஒருநாளும் போனதில்லை. வெறிநோய்த் தடுப்பூசி வருஷம் தவறாமல் போட்டு, தேதியும் கையெழுத்துமாக அட்டை வைத்திருக்கிறேன். கருத்தடை அறுவையும் செய்தாகிவிட்டது.

இதையெல்லாம் செய்யச் சொல்லி ஒருவரும் எனக்கு ஒரு தாள் அனுப்பவில்லை. செய்த பிறகு பதிந்துகொள்ளவும் ஒருவரும் இல்லை.

அந்தச் செய்தி வந்த வாரம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். நாயைப் பதிவு செய்ய வேண்டும் என்றேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான். “டீச்சர், இது கிராமம். நாய்க்கு ரிஜிஸ்டர்னு ஒண்ணு எங்கிட்ட இல்ல” என்றார். சரி, அப்படியானால் தடையும் இல்லையே என்றேன். “தடை இருக்கா இல்லியான்னு எனக்குத் தெரியாது. ஆனா நாளைக்கு நாலு பேரு பெட்டிசன் எழுதிக் குடுத்தா, நாயக் கொண்டு விட்டிருங்கன்னுதான் நான் சொல்லணும்.” எந்தச் சட்டப்படி என்று கேட்டேன். “அத மேலதான் கேக்கணும்.”

மேலேயும் போய்க் கேட்டேன். அங்கே, “கோர்ட்டுல ஸ்டே இருக்குன்னு நெனைக்கேன்” என்றார்கள். எந்தக் கோர்ட், யாருக்கு ஸ்டே, எதற்கு ஸ்டே? தெரியவில்லை. கால்நடை மருத்துவர் ஒருவர் மட்டும் நேராகப் பேசினார். “நீங்க ஊசி போட்டுருக்கிய, ஆப்பரேஷன் பண்ணிருக்கிய. அத நான் எழுதிக் குடுத்திருவேன். இந்த இனத்துக்குத் தடை உண்டா இல்லையான்னு எழுதிக் குடுக்க எனக்கு அதிகாரம் கெடையாது.” அவரிடம் கோபப்பட என்ன இருக்கிறது? உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

அதற்குப் பிறகுதான் பழைய செய்தித்தாள்களையும் உத்தரவுகளையும் நானே தேடி எடுத்து வரிசைப்படுத்தினேன். பள்ளிக்கூடத்தில் பாடக்குறிப்பு எழுதுவதுபோல ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினேன். எழுதி முடித்தபோது குழப்பம் எனக்கு மட்டும் இல்லை, நாட்டுக்கே என்று புரிந்தது.

2023 டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மனு வந்தது, ஆபத்தான நாய் இனங்களைத் தடை செய்ய வேண்டும் என்று. மூன்று மாதத்துக்குள் முடிவெடுங்கள் என்று நீதிமன்றம் ஒன்றிய அரசுக்குச் சொன்னது. 2024 மார்ச் 12ஆம் தேதி ஒன்றிய கால்நடை பராமரிப்புத் துறையிலிருந்து எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் போனது. 23 வகை நாய்களை இறக்குமதி செய்யக் கூடாது, இனப்பெருக்கம் செய்யக் கூடாது, விற்கக் கூடாது, உரிமம் தரக் கூடாது. வீட்டில் ஏற்கெனவே இருக்கிற நாய்களுக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும். அந்தப் பட்டியலை உட்கார்ந்து படித்தேன். ஜப்பானிய நாயான தோசா ‘தோசா இனு’ என்று ஓரிடத்திலும் ‘ஜப்பானிய தோசா’ என்று இன்னோர் இடத்திலும் இரண்டு தடவை வருகிறது. ‘டெரியர்கள்’ என்று பொத்தாம்பொதுவாக ஒரு சொல். டெரியர் என்றால் மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் சின்ன நாயும் உண்டு, பிட்புல்லும் உண்டு. எத்தனையோ வீடுகளைத் தொடுகிற உத்தரவை எழுதியவர்கள் ஒருமுறை திரும்பப் படித்துப் பார்த்திருக்கக் கூடாதா?

ஒரு மாதம்கூட அந்தக் கடிதம் முழுசாக நிற்கவில்லை. கல்கத்தா, கேரள உயர் நீதிமன்றங்களில் வழக்குகள் போய் இடைக்கால உத்தரவுகள் வந்தன. 2024 ஏப்ரல் 10 அன்று கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம். நாகபிரசன்னா அந்தச் சுற்றறிக்கையையே ரத்து செய்தார். நாய் வளர்ப்பவர்கள் முதலான சம்பந்தப்பட்டவர்களைக் கேட்கவில்லை, சட்டம் சொல்கிற முறைப்படி நிபுணர்களைக் கலந்துகொள்ளவில்லை என்பது காரணம். எல்லாரையும் கேட்டு முறையாகச் செய்வதற்கு அரசுக்குத் தடையில்லை என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

அடுத்த மாதமே அந்தக் கொடுமை நடந்தது. 2024 மே 5, சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா. காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. தடுக்கப் போன தாயும் கடிபட்டார். நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அந்த வாரத்திலேயே தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை அந்த 23 இனங்களுக்கும் தடை என்று அறிவித்தது. பிறகு அதுவும் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டில் மாநில அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் போல நம் வெயிலுக்கு ஒவ்வாத 11 வெளிநாட்டு இனங்களை இங்கே பெருக்கக் கூடாது என்றது. நாயின் நன்மையை நினைத்து எழுதிய விதி அது. அதை எதிர்த்தும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா உயர் நீதிமன்றம் போனது. 2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் பக்கத்து வீட்டு பிட்புல் கடித்து ஐம்பத்தைந்து வயதுக்காரர் இறந்தார். டிசம்பரில் மாநகராட்சித் தீர்மானம் வந்தது.

தடை, ரத்து, மறுபடி தடை, மறுபடி வாபஸ். இதில் எது இன்று என் வீட்டு வாசலில் நிற்கிறது என்று ஒரு சாதாரணக் குடிமகள் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள். பூங்காவில் கடிபட்ட அந்தக் குழந்தையின் வயதுப் பிள்ளைகள்தான் தினமும் என் சேலை முந்தானையைப் பிடித்து இழுக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குழந்தையின் வீடே அந்தப் பூங்காதான். அங்கே சங்கிலியும் வாய்மூடியும் இல்லாமல் இரண்டு பெரிய நாய்கள் வந்தன. அவற்றை அப்படி விட்டது யார் என்பதுதான் கேள்வி. நாய் வளர்ப்பவர்கள் நாங்கள் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். “எங்க நாய் கடிக்காது” என்று சொல்லி அவிழ்த்துவிடுகிற ஒவ்வொருவரும் அடுத்த வீட்டுக் குழந்தையின் உயிரோடு விளையாடுகிறார்கள். நம் ராஜபாளையமும் கோம்பையும் அந்த 23 பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லை என்பதற்காகக் கண்டபடி வளர்த்து அவிழ்த்துவிட்ட ராஜபாளையம் கடிக்காமல் இருக்குமா? எந்த நாயானாலும் பொறுப்பு வளர்க்கிறவன் தலையில்தான் விழ வேண்டும்.

அந்தப் பொறுப்பைச் சுமத்துவதற்குச் சட்டம் இல்லாமலும் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவு, விலங்கை வைத்திருப்பவர் மனித உயிருக்கு ஆபத்து வராதபடி அதைக் காக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 289ஆம் பிரிவாக இருந்தது. அந்தப் பிரிவில் நாயின் இனப் பெயர் கிடையாது. நாட்டு நாய்க்கும் பொருந்தும், வெளிநாட்டு நாய்க்கும் பொருந்தும். 2023ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி, கருத்தடை எல்லாம் உரிமையாளரின் பொறுப்பு என்று சொல்கின்றன. இவற்றை ஊர் ஊராக நடைமுறைப்படுத்தியிருந்தாலே பாதிப் பயம் தீர்ந்திருக்கும். அதைச் செய்யாமல் பட்டியல் போடுகிறார்கள்.

இப்போது இன்னொரு பிரிவைப் பாருங்கள். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி வளர்த்த விலங்கைத் தக்க காரணம் இல்லாமல் கைவிடுவது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல். பல பத்தாண்டுகளாக அதே தொகை. உரிமம் இல்லாத ராட்வைலரை ஒழுங்காகக் கட்டி வளர்த்தாலும் சென்னையில் ஒரு லட்சம் போகும். அதே நாயைக் கொண்டுபோய் ரோட்டில் விட்டால் ஐம்பது ரூபாயோடு முடிந்துவிடும். இந்தக் கணக்குப் புரிந்தவன் என்ன செய்வான்?

என்ன செய்வான் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஜனவரியில் ஒருநாள் விடியற்காலம், துறைப் பக்கம் மீன் வாங்கப் போயிருந்தேன். தாழைப் புதர் ஓரத்தில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. கருப்பு உடம்பு, புருவத்துக்கு மேலே தவிட்டு நிறத்தில் இரண்டு பொட்டு, மணியின் சாயல் அப்படியே. கழுத்தில் நல்ல தோல் பட்டை. அதில் பெயர்த்தகடு இருந்த இடத்தில் வளையம் மட்டும் தொங்கியது. தகட்டை யாரோ கழற்றி எடுத்திருந்தார்கள். ரோட்டில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நிற்கும், கார் கடந்து போனதும் உட்காரும். வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர், “ரெண்டு நாளா இங்கதான் கெடக்கு டீச்சர், ராத்திரி காருல கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாவ” என்றார். மீன் தலையைப் போட்டால் தின்னவில்லையாம். விலங்கு நல ஆர்வலர்களுக்குச் சொல்லி அனுப்பி, அவர்கள் வண்டியோடு வருவதற்குள் அது அங்கே இல்லை. பசி முற்றிய, பழக்கமில்லாத ஊரில் திசை தெரியாத அந்த நாய் யாரையாவது கடித்திருந்தால், அந்தக் குற்றம் எந்தக் கணக்கில் சேரும்? பட்டியல் போட்டவர்கள் இந்த நாயைப் பற்றி யோசித்தார்களா?

என்னைப்போல வளர்க்கிறவர்களுக்குச் சட்டப்படி என்ன வழி இருக்கிறது என்று கேட்டு எழுதி வைத்ததை இங்கே சொல்கிறேன். இன்னொருவருக்குப் பயன்படலாம்.

யாராவது வந்து நாயை அப்புறப்படுத்து என்றால், முதலில் எழுத்தில் கேளுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதி உத்தரவு என்பது அதில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் உத்தரவு ஆகாது. எழுத்தில் நோட்டீஸ் வந்தால், அதில் சொன்ன நாளுக்குள் எழுத்திலேயே பதில் கொடுங்கள். தடுப்பூசி அட்டை, கருத்தடைச் சான்று, சுவர், கேட் படங்கள் எல்லாவற்றையும் இணையுங்கள். எழுதித் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: பொதுக்குழுவில் பெரும்பான்மை இருந்தாலும் குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015 பிப்ரவரியிலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. பயத்தில் யாராவது உங்கள் நாய்க்கு விஷம் வைத்தால், அது பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். போலீசில் எழுதிக் கொடுங்கள். புதிய விதி வரைவு நிலையில் வெளியாகிக் கருத்துக் கேட்டால், அப்போதே எழுதுங்கள். கர்நாடகத்தில் வழக்கு வென்றதற்கு ‘எங்களைக் கேட்கவில்லை’ என்பதும் ஒரு முக்கியக் காரணம்.

கடைசி வழி, அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. எங்களுக்கு மதுரைக் கிளை. 2004இல் அது வந்ததால் சென்னைவரை போக வேண்டியதில்லை என்பது பெரிய உதவி. ஆனாலும் நாகர்கோவிலிலிருந்து மதுரை 240 கிலோமீட்டர். வக்கீல் கட்டணம், போக்குவரத்து, விடுப்பு. பெங்களூரில் நாய் வளர்க்கிறவர்கள் ஒன்று சேர்ந்து வழக்குப் போட்டார்கள், நாட்டுக்கே பயன் கிடைத்தது. கயிறு திரிக்கிற வீட்டிலும் கட்டுமரக்காரர் வீட்டிலும் நாய் இருக்கிறது. அவர்கள் மதுரைக்குப் போய் வழக்காடுவார்களா, ராத்திரியோடு ராத்திரியாக நாயைக் கொண்டு விடுவார்களா? வழி இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதாது. அந்த வழியில் நடக்க ஏழைக்குக் கால் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் இதற்கு என்ன செய்திருக்கிறார்கள் என்றும் பார்த்தேன். பிரிட்டனில் 1991 முதல் ஆபத்தான நாய்கள் சட்டம் இருக்கிறது. சில இனங்களுக்குத் தடைதான். 2024 பிப்ரவரியிலிருந்து எக்ஸ்எல் புல்லி என்ற வகையையும் சேர்த்துவிட்டார்கள். இப்படிப்பட்ட சட்டங்களுக்கு ஒரு கடுமையான முகம் உண்டு. பெல்ஃபாஸ்ட் நகரத்தில் லெனாக்ஸ் என்ற நாயை 2010இல் பிட்புல் வகை என்று பிடித்துக்கொண்டு போனார்கள். வளர்த்தவர்கள் இரண்டு ஆண்டு நீதிமன்றப் படியேறியும், 2012 ஜூலையில் அதைக் கொன்றுவிட்டார்கள். ஆனால் எக்ஸ்எல் புல்லி விஷயத்தில் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்குத் தேதி குறித்து அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் பதிவு செய்து, கருத்தடை, மைக்ரோசிப், பிறருக்குக் காயம் ஏற்பட்டால் ஈடுசெய்யும் காப்பீடு, வெளியே வரும்போது வாய்மூடி, சங்கிலி என்ற நிபந்தனைகளை ஏற்றால் விலக்குச் சான்றிதழ் கிடைத்தது. தன் நாயை வைத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே வளர்க்கிறவருக்குத் தெரிந்தது. நெதர்லாந்து 1993இல் பிட்புல்லுக்குத் தடை போட்டது. கடி குறையவில்லை என்று கண்டு 2008இல் அந்தத் தடையை எடுத்துவிட்டது. எந்த வழியில் போனாலும் மக்களுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எங்களுக்கு அந்தச் சொல்தான் இல்லை. நான் அலைந்தபோது கிராமத்தில் கேட்கத் தலைவரும் இல்லை. எங்கள் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, தனி அலுவலர்கள் கைக்குப் போனது.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் நாய்க்கு ஒரு பதிவேடு வையுங்கள். சென்னையில் உரிமத்துக்கு ஐம்பது ரூபாய் வாங்கினார்கள். இங்கே நூறு வாங்குங்கள், கட்டுகிறேன். நாயின் படம், தடுப்பூசித் தேதி, உரிமையாளர் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். பெரிய நாய் வளர்ப்பவர் வீட்டுச் சுவரையும் கேட்டையும் ஓர் அலுவலர் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். ஊசி போடாதவனுக்கு அபராதம் போடுங்கள். வாய்மூடி இல்லாமல் தெருவுக்குக் கொண்டுவருகிறவனிடம் இன்னும் அதிகமாக வாங்குங்கள். கடித்தால் கடிபட்டவரின் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் வளர்த்தவனே கட்ட வேண்டும் என்று எழுதுங்கள், நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன். கைவிட்டால் ஐம்பது ரூபாய் என்ற அந்த வெட்கக்கேட்டை மாற்றுங்கள். புதிதாக இந்த இனங்களை விற்கக் கூடாது என்று முறைப்படி எல்லாரையும் கேட்டுச் சட்டம் போட்டால் அதற்கும் கட்டுப்படுவேன். மணிக்குப் பிறகு இன்னொரு ராட்வைலர் வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் ஐந்து வருஷம் எங்கள் வாசலைக் காத்தவனை, டிவியில் சொன்னார்கள் என்பதற்காகத் தாழைப் புதர் ஓரத்தில் கொண்டுபோய் விடச் சொல்லாதீர்கள். அதைச் செய்ய மாட்டேன்.

போன வாரம் அண்ணாச்சி வந்தார். நோட்டைக் காட்டி, சென்னைத் தீர்மானம் இங்கே வராது என்று தேதி தேதியாகப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். “நீங்க சொல்லுதது சரிதான் டீச்சர். ஆனா எம் பேத்தி லீவுக்கு வருதா. எனக்குப் பயமா இருக்கே” என்றார். அவர் பயத்தில் தப்பே இல்லை. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல என் நோட்டு போதாது. ஊராட்சியின் முத்திரை போட்ட ஒரு தாள் இருந்தால், இந்த நாய் பதிவானது, ஊசி போட்டது, சுவர் சோதித்தது, பொறுப்பாளி இன்னார் என்று அதை அவர் கையில் கொடுத்திருப்பேன். அவர் கொக்கியை நீக்கி உள்ளே வந்திருப்பார்.

ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்ததில் நாய்ப் பதிவேடு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவர மனு எழுதி வைத்திருக்கிறேன். நாய் வளர்க்கிற எல்லாரும் உங்கள் ஊர்க் கிராம சபைக்கு இப்படி ஒரு மனுவோடு போங்கள். நாயைக் கண்டு பயப்படுகிறவர்களும் வாருங்கள். எங்களைவிட உங்களுக்குத்தான் அந்தப் பதிவேடு அதிகம் தேவை.